தமிழே தடக்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் சிங்களமும் எதற்கு?

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மகன் தரம் 4. நன்றாகக் கதைப்பான், கணக்கை மனதாலேயே செய்வான், ஆனால் தமிழ் வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடக்கி நிற்கிறான், ஆங்கிலம் என்றால் கொப்பியையே திறக்க மாட்டான். வகுப்பு ரீச்சர் "இவனுக்கு இங்கிலீஷை விட்டிடுங்கோ, தமிழையாவது பார்ப்பம்" என்கிறார். தாயின் அண்ணா "இண்டர்நேஷனல் ஸ்கூல்ல போடு, முழுக்க இங்கிலீஷ்ல படிச்சால் பிடிபட்டிடும்" என்கிறார். இரண்டாவது கேள்வி அக்காவின் மகளைப் பற்றியது. ஐந்து வயது, ஓட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாருமே ஆங்கிலம் கதைப்பதில்லை, ஆனால் அவள் போனில் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் மட்டும்தான் ஏதாவது சொல்கிறாள், அவளோடு எந்த மொழியில் கதைப்பது என்று.

தங்கச்சி, மகனுக்கு ஆங்கிலத்தை விடவும் வேண்டாம், ஆங்கில மூலத்துக்கு மாற்றவும் வேண்டாம். கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும். எழுத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காதையும் வாயையும் உடம்பையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். திருகோணமலையில் விசேட தேவையுடைய பிள்ளைகளோடு ஆங்கிலப் பாடத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில், இதை நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வேலை காதையும் கண்ணையும் பரிசோதிப்பது. எத்தனையோ பிள்ளைகளுக்கு "கவனமில்லை", "மந்தம்" என்று பெயர் வைத்த பிறகுதான் ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரியவருகிறது. தமிழில் ஒரு சொல் பாதி கேட்டாலும் பிள்ளை மீதியை ஊகித்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த மொழி அதன் வீட்டு மொழி. ஆங்கிலத்தில் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை. ஆகவே கேட்கும் குறை ஆங்கிலப் பாடத்தில்தான் முதலில் தலைகாட்டும். இது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, காதும் கண்ணும் நலம் என்று வைத்துக்கொள்வோம். நான் பார்க்காத பிள்ளைக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளிடம் நாங்கள் பார்ப்பதோடு நிறையவே ஒத்துப்போகிறது. நல்ல பேச்சு, நல்ல புத்தி, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் மட்டும் அடைப்பு. இந்த அடைப்பு எல்லா மொழியிலும் ஒரே மாதிரித் தெரியாது. தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவோம், ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தெரிந்தால் மிச்சம் 216உம் ஒரு முறைப்படி வந்து விழும். எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். சிக்கலும் இருக்கிறதுதான். கல், தங்கம், மகன் என்று ஒரே க மூன்று விதமாக ஒலிக்கும், 'கொ' எழுதும்போது கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவது க். ர ற, ல ள ழ, ந ன ண இருக்கவே இருக்கிறது. அதனால் தமிழில் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழையாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பார்கள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துத்தான், ஆனால் ஒலி ஏறக்குறைய 44. முதல் எழுத்தான 'ஏ'யையே எடுங்கள், கேட் என்ற பூனையில் ஒரு ஒலி, கேக்கில் இன்னொன்று, காரில் வேறொன்று, பந்து என்ற பாலில் மற்றொன்று. ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலேயே சிரமப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய சுமை. 1999இல் வைடெல், பட்டர்வர்த் என்ற இரு ஆய்வாளர்கள் ஜப்பானில் வளர்ந்த ஒரு பதின்ம வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். தாய் தகப்பன் ஆங்கிலம் பேசுகிறவர்கள். பையனுக்கு ஜப்பானிய வாசிப்பில் பிரச்சினையே இல்லை, வீட்டு மொழியான ஆங்கிலத்தை வாசிக்கத்தான் அவ்வளவு திணறினான். அப்படியொரு பிள்ளை அபூர்வம், ஆனால் எழுத்துமுறை எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை அது காட்டுகிறது. உங்கள் அண்ணாவின் யோசனையை நான் இவ்வளவு உறுதியாக வேண்டாம் என்பதும் இதனால்தான். இப்போது அவனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. ஆங்கில மூலத்துக்கு மாற்றினால் அந்தக் கணக்கும் சுற்றாடல் பாடமும் அவனுக்கு ஆகக் கடினமான வழியால்தான் உள்ளே போக வேண்டும். கையில் இருக்கும் ஒரே வெற்றியையும் பறித்ததாகிவிடும்.

அப்போ ரீச்சர் சொல்வதுபோல விட்டுவிடலாமே என்றால், அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது இரக்கத்தில் சொல்லப்படுவதுதான், ஆனால் பதினாறு பதினேழு வயதில் இந்தப் பிள்ளை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை கேட்டுப் போகும்போதோ, ஒரு வங்கிப் படிவத்தின் முன்னால் நிற்கும்போதோ அந்த இரக்கம் அதனோடு துணைக்கு வராது. இன்னொன்று, ஒரு மொழியை எடுத்துவிட்டால் மற்ற மொழி தானாக வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கனடாவில் 2003இல் பாரடிசும் கூட்டாளிகளும் மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பார்த்தார்கள், இரண்டு மொழியில் வளர்ந்தவர்கள் ஒரு மொழியில் வளர்ந்தவர்களைவிட மோசமாக இருக்கவில்லை. 2005இல் கே-ரெய்னிங் பர்டும் கூட்டாளிகளும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் அதையேதான் கண்டார்கள். குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும், உண்மை. இரண்டாவது மொழி அதைக் கூட்டவில்லை.

இனி எப்படிப் படிப்பிப்பது என்பதற்கு வருகிறேன்.

ஆங்கிலக் கொப்பியை ஒரு தவணைக்கு மூடி வையுங்கள். எங்கள் பாடத்திட்டத்திலேயே தரம் 1, 2இல் ஆங்கிலம் வாய்மொழிச் செயற்பாடுதான், புத்தகம் தரம் 3இல்தான் வருகிறது. அந்த வாய்மொழிக் காலம் இப்படியான பிள்ளைகளுக்குப் போதாமல் முடிந்துவிடுகிறது, அதை வீட்டில் நீட்டிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லிச் செய்ய வைப்பது ஆக நல்ல வழி. எழும்பு, கதவைத் திற, தண்ணீர் கொண்டு வா, விளக்கை நூர். நீங்கள் சொல்லிச் செய்து காட்டுங்கள், பிறகு அவன் செய்யட்டும், பிறகு அவன் சொல்ல நீங்கள் செய்யுங்கள், அதுதான் அவனுக்கு ஆகப் பிடிக்கும். பிழையாகச் செய்தால் எல்லாரும் சிரித்துக்கொள்ளலாம், சிவப்புப் பேனை இல்லை. 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஒரு முறையாக வளர்த்தார். பேச வற்புறுத்தாமல் முதலில் கேட்டு உடம்பால் பதில் சொல்ல விடுவதுதான் அதன் சாரம். ஓடித் திரிகிற, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகளுக்கும், அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைகளுக்கும் நான் பார்த்தவரை இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எழுத்து தொடங்கும்போது ஏ பி சி டி என்று எழுத்தின் பெயர்களைப் பாட விடாதீர்கள். பெயர் தெரிவதால் வாசிக்க முடியாது, ஒலி தெரிந்தால்தான் முடியும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்தின் ஒலியை மட்டும் முதலில் எடுங்கள், உலகம் முழுக்க ஒலிவழி வாசிப்புக் கற்பிக்கிறவர்கள் பலர் இந்த ஆறிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் இந்த ஆறை வைத்தே பின், டின், பேன் (pin, tin, pan) என்று உண்மையான சொற்களைக் கட்டிவிடலாம். அதோடு, அவன் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களைப் பிடியுங்கள். எங்கள் வீடுகளில் பஸ், கப், பெட், வேன், பேக், நெட், டின் எல்லாம் தமிழ்போலவே புழங்குகிறது. கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு நெட் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. இவை எல்லாம் குறுகிய, ஒலித்தபடி எழுதப்படுகிற சொற்கள். பொருளும் தெரியும், உச்சரிப்பும் தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. அம்ப்ரெல்லாவையும் எலிஃபண்டையும் எழுத வைத்து ஒரு வருடத்தைத் தின்பதைவிட இந்தச் சிறு சொற்களோடு ஒரு தவணை இருப்பது எவ்வளவோ மேல்.

பி, டி (b, d) இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல வளைவு மாறி இருக்கும், அதை ஒரே கிழமையில் படிப்பிக்கவே கூடாது. ஒன்று கையில் ஊறி உறுதியான பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். ஒரு புது எழுத்தைச் சொல்லிக்கொண்டே, காற்றில் பெரிதாக எழுதி, பிறகு மணல் தட்டில் விரலால் எழுதி, பிறகுதான் பென்சில். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கிறோமே, அதே வேலைதான். அமெரிக்காவில் 1930களில் ஓர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காக இதே பல்புலன் வழியைத்தான் வகுத்தார்கள். டச்சு வளைகுடாக் கரையில் மணலுக்கா பஞ்சம்?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் மகன் பஸ்ஸை எழுதும்போது முதலில் 'பப்பாசி'யின் ஒலிக்குரிய எழுத்தைப் போட்டால் அதைக் குறைபாட்டில் சேர்க்காதீர்கள். தமிழில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே ப தானே. ஸ்கூலை இஸ்கூல் என்பதும் அப்படித்தான், தமிழ்ப் பிள்ளை யார் படித்தாலும் அந்த இடத்தில் தடக்கும். இப்படியான பிழையைக் காட்டிக் குறைபாடு என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பஸ்ஸில் தொடக்கத்திலேயே அதிரும், பப்பாசியில் அந்த இடத்தில் அதிராது. காதால் பிரிக்க முடியாததைக் கை பிரித்துக் கொடுக்கும்.

தமிழ் வாசிப்பையும் கைவிடக் கூடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி. ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், பிற மொழியில் திணறுகிற மாணவர்களில் பலருக்குத் தாய்மொழியின் ஒலி, எழுத்துக்கூட்டல் பகுதியிலேயே மெல்லிய சிரமம் இருந்திருக்கிறது, அந்த அடித்தளத்தை வெளிப்படையாகக் கற்பித்தால் இரண்டிலும் முன்னேற்றம் வருகிறது. ஆகவே பஸ்ஸில் போகும்போது விளையாடுங்கள், 'மரம்' என்பதில் ம-வை எடுத்தால் என்ன மிஞ்சும், 'கடல்' எந்த ஒலியில் முடிகிறது. கொப்பி தேவையில்லை, பென்சில் தேவையில்லை.

நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். ஞாயிறு ஒரேயடியாக இரண்டு மணிநேரம் இருத்தி வைப்பது வீண். நேற்றையதை இன்றும், மூன்று நாள் கழித்தும், அடுத்த கிழமையும் தொட்டுக்கொண்டு வாருங்கள். முப்பது நாற்பது பிள்ளைகள் இருக்கும் ரியூசனில் இருந்து அவனை எடுத்துவிடுங்கள், அங்கே அவன் படிப்பதெல்லாம் பலகையில் இருப்பதைக் கொப்பியில் வரைவதுதான். பாடசாலையில் ஆங்கில ரீச்சரிடம் சண்டைக்குப் போகாமல் இரண்டு சலுகை கேளுங்கள். சொல்வதெழுதுதலில் பத்துச் சொல்லுக்குப் பதில் மூன்று, எல்லார் முன்னாலும் உரத்து வாசிக்கச் சொல்வதற்குப் பதில் முந்தின நாளே சொல்லிவைத்த ஒரு வரி. இவ்வளவு சிறிய கோரிக்கைக்குப் பெரும்பாலான ரீச்சர்மார் இணங்குவார்கள்.

இனி அக்காவின் மகள். அவளோடு தமிழில் கதையுங்கள், தாராளமாக, உங்களுக்கு இயல்பாக வருகிற தமிழில். அக்கா தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லோடு பிள்ளையை வளர்க்க முயன்றால், பிள்ளைக்குக் கிடைப்பது நாலு சொல்தான். கொஞ்சுவதும் கதை சொல்வதும் ஏன் என்று விளக்குவதும் அக்காவுக்குத் தமிழில்தானே வரும்? ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு மொழிதான் என்று சில இடங்களில் இன்னும் அறிவுரை சொல்கிறார்கள், ஆனால் ஹாம்ப்லி, ஃபொம்போன் 2012இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்த ஓட்டிசப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை.

அதற்காக அவளுடைய ஆங்கிலத்தை அதட்டி நிறுத்தாதீர்கள். அது அவளுக்கு இப்போது இருக்கும் ஒரே குரல். இப்படியான பிள்ளைகள் ஒரு வீடியோவில் கேட்ட வசனத்தை முழுதாகவே தூக்கி வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தேவையான இடத்தில் போடுவார்கள். லெட்ஸ் கோ என்று அவள் கதவடியில் நின்று சொன்னால் அது வெறும் எதிரொலி அல்ல, வெளியே போக வேண்டும் என்று கேட்கிறாள். உடனே "வெளியில போவமா? செருப்பைப் போடு, மான் பார்க்கப் போவம்" என்று தமிழில் பதில் சொல்லி, உண்மையாகவே கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டைப் பக்கம் திரியும் மான்களைக் காட்டி இரண்டு மொழியிலும் பெயர் சொல்லுங்கள். எந்த வசனத்தை எந்த நேரத்தில் சொல்கிறாள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், பேச்சுச் சிகிச்சையாளரிடம் போகும்போது அது பெரிய உதவி. சிகிச்சையாளர் சிங்களம் பேசுகிறவராக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பிள்ளை வீட்டில் கேட்கும் மொழி தமிழ், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள் என்று. தெரியாத மொழியில் சோதித்து எழுதிய அறிக்கை அந்தப் பிள்ளையின் அறிக்கை ஆகாது. போனை ஒரேயடியாகப் பறிக்காமல், பக்கத்தில் இருந்து சேர்ந்து பார்த்து, இடையில் நிறுத்திக் கதையுங்கள். வீடியோ அவளுக்குப் பதில் சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், சிங்களம். பாடசாலையில் இரண்டாம் தேசிய மொழியாக அது வந்து நிற்கும்போதுதான் எல்லாரும் பதறுவார்கள். திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு அது தூரத்து மொழி இல்லை, கந்தளாய் பஸ்ஸில், ஆஸ்பத்திரி வார்ட்டில், பொலிஸில் ஒவ்வொரு நாளும் காதில் விழுகிறது. பேச்சுச் சிங்களத்தின் வாக்கிய ஒழுங்கு தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தைவிட எவ்வளவோ சுலபம். 'எனக்குத் தண்ணி வேணும்' என்பது 'மட வதுர ஓனே', சொல்லுக்குச் சொல் அதே வரிசை. மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, நான் போனாலும் நீ போனாலும் அவன் போனாலும் வினை மாறுவதில்லை, இலக்கணம் மனதில் நிற்காத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். எழுத்தைத் தொடாமல் பேச்சை மட்டும் இப்போதே விளையாட்டாகத் தொடங்குங்கள். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளை என்றால் நான் ஆங்கிலத்துக்கு முன்னாலேயே இதை வைப்பேன், பெயர் சொல்ல, உதவி கேட்க, தாயின் போன் நம்பரைச் சொல்லத் தெரிந்தால் வழி தவறினாலும் வீடு வந்து சேரும்.

விழிப்புலன், செவிப்புலன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதை வாசிக்கக் கூடும். பிரெய்ல் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் பாதி தெரிந்த வீடு. தமிழுக்கு நாம் பயன்படுத்தும் பாரதி பிரெய்லில் ப, ம, ல, ர, க போன்ற பல எழுத்துகளின் புள்ளிகள் ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள எழுத்தின் புள்ளிகள்தான். ஆங்கிலத்தின் சுருக்கக் குறிகளைப் பிறகு மெதுவாகச் சேர்க்கலாம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுதும் தமிழே அதற்கு இரண்டாவது மொழி. உதட்டைப் பார்த்துப் படி என்று சொன்னால் 'பாடு'ம் 'மாடு'ம் உதட்டில் ஒன்றுதான். சைகை இல்லாமல் ஆங்கிலத்தைத் திணிப்பது அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது மதிலைக் கட்டுவது.

மகனை விசேட கல்வி அலகுக்கு மாற்றச் சொன்னால், அங்கே ஆங்கிலப் பாடம் நடக்கிறதா, யார் எடுக்கிறார், நாள் முழுக்க அங்கேதானா என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவன் சாதாரண வகுப்பில் இருந்துகொண்டு வாசிப்புக்கு மட்டும் தனி உதவி பெற வேண்டிய பிள்ளை. பாடசாலையை விட்டே எடுக்கச் சொன்னால், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அமைதியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள்.

பரீட்சையை நினைத்து இப்போது நித்திரையைக் கெடுக்க வேண்டாம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் தவறினாலும் உயர்தரத்துக்குப் போகும் வாசல் மூடாது. அதனால்தான் தரம் 4இல் இருக்கும் பிள்ளைக்குப் புள்ளிக்காக ஆங்கிலம் படிப்பிக்காமல் கதைப்பதற்காகப் படிப்பிக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. கூடுதல் நேரம், எழுதிக் கொடுக்க ஒருவர் போன்ற சலுகைகளுக்கு அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பதிவுகள் கேட்கப்படலாம், ஆகவே இந்தத் தவணையிலிருந்தே அவனுடைய கொப்பிகளையும் சோதனைத் தாள்களையும் அறிக்கைகளையும் திகதி போட்டு ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.